விழித்திரையைப் படிக்கும் கணினி
(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரை)

 

கணினியால் மருத்துவத்திற்கு என்ன பயன் என்று வினவுவோருக்கு ஒரேயொரு சான்றை எடுத்துரைக்க விழைகிறேன்.

சர்க்கரை நோய் நாள்பட்டால் விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பழுதுபட்டுக் கசியத் தொடங்குகின்றன. வலி இராது, தொடக்கத்தில் பார்வையும் குறையாது. மங்கிய பின்னர் மருத்துவரை நாடுவோர் பலருக்கு இழந்த பார்வை முழுமையாக மீள்வதில்லை. 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நம் நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் இந்நோயுடன் வாழ்வதாகக் கணித்தது. ஆண்டுதோறும் இத்தனை பேரின் விழித்திரையையும் பரிசோதிக்க மருத்துவர்களுக்கு எங்கே போவது?

இக்குறையைப் போக்கவே கூகுள் ஆய்வாளர்கள் 1,28,175 விழித்திரைப் படங்களைத் திரட்டினர். அமெரிக்கப் படங்களோடு நம் அரவிந்த் கண் மருத்துவமனை, சங்கர நேத்ராலயா ஆகியவற்றின் படங்களும் அவற்றுள் அடங்கும். 54 மருத்துவர்கள், ஒவ்வொரு படத்தையும் 3 முதல் 7 பேர் வரை தனித்தனியே ஆராய்ந்து, நோயின் அளவைக் குறித்தனர். அக்குறிப்புகளைக் கொண்டே கணினி பயின்றது. 2016-ல் அதன் முடிவுகள் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியாயின. பின்னர் மேற்சொன்ன இரு மருத்துவமனைகளிலும் 3,049 நோயாளிகளிடம் சோதித்தபோது, அதன் கணிப்பு வல்லுநர் கணிப்புக்கு இணையாகவோ மேலாகவோ இருந்ததென 2019-ல் அறிவிக்கப்பட்டது.

கணினிக்கு மூளை முளைத்துவிட்டதாகச் சிலர் வியக்கின்றனர். எனக்கோ அம்மருத்துவர்களின் பொறுமையே பெரிய வியப்பு!

ஆயினும் தாய்லாந்தின் சிற்றூர் மருத்துவ நிலையங்களில் நிகழ்ந்ததையும் சொல்ல வேண்டும். அறைகளில் போதிய இருள் இல்லாமையால் படங்கள் தெளிவாக விழவில்லை. ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கைக் கணினி ஏற்க மறுத்தது. நோயாளிகள் தொலைதூரம் அலைய நேர்ந்தது. 2020-ல் வெளியான ஆய்வு இதனை விவரிக்கிறது.

எனவே நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். நமது அடுத்த மருத்துவ முகாமில் இரத்தப் பரிசோதனையோடு விழித்திரைப் படமும் எடுக்க ஏற்பாடு செய்யுங்கள். வெளிச்சம் புகாத அறை தேவை. மதரஸாவின் பின்னறைக்குத் திரையிட்டால் போதும். பெண்களுக்குத் தனி நேரம் ஒதுக்குவது நலம். கண்ணில் சொட்டு மருந்து இட்டால் சில மணி நேரம் பார்வை மங்கலாக இருக்கும்; ஆதலால் வருவோர் துணைக்கு ஒருவரை அழைத்து வரட்டும்.