தாய்ப்பலகை மாறிய பின்பு

கணினியைத் திருத்தக் கொடுத்தவர் பலரும் கேட்டிருக்கக்கூடிய ஒரு வார்த்தையைப் பற்றியே இன்று பேச எண்ணியுள்ளேன். "தாய்ப்பலகை பழுதாகிவிட்டது, மாற்றியாயிற்று. ஆனால் உள்ளே இருப்பவற்றையெல்லாம் அழித்துவிட்டுப் புதிதாகப் பதிந்தால்தான் இனி வேலை செய்யும்" என்பதே அவ்வார்த்தை. இதன் முதற்பகுதி பெரும்பாலும் உண்மை. இரண்டாம் பகுதி பெரும்பாலும் உண்மையன்று. இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு பாடசாலையின் பல்லாண்டு உழைப்பு அகப்பட்டுக்கொள்கின்றது. கலைப்பட்டதாரியாகிய நான் இப்பொருளை வானொலியிற் பேசத் துணிந்தமைக்குக் காரணம் அதுவே.

மட்டக்களப்புக்குக் குடிநீரும் வயல்களுக்குப் பாசனநீரும் தருகின்ற உன்னிச்சைக் குளத்தின் அயலில் வாழ்கின்ற எங்களுக்கு இடிமின்னல் புதிதன்று. பங்குனி, சித்திரையிலும், பின்பு வடகீழ்ப் பருவமழை தொடங்குமுன் ஐப்பசி, கார்த்திகையிலும் பிற்பகல்தோறும் வானம் இருண்டு முழங்கும். மின்கம்பி வழியாக மாத்திரமன்றி, தொலைபேசிக் கம்பி வழியாகவும் இணையக் கம்பி வழியாகவும் மின்னலின் வேகம் கணினிக்குள் நுழைந்துவிடும். சுவரிலுள்ள ஆளியை அணைத்தாற் போதாது, செருகியையும் கழற்றவேண்டும், இணையக் கம்பியையும் கழற்றவேண்டும். கழற்ற மறந்த ஒருநாள் போதும், தாய்ப்பலகை கருகிவிட. கருகாவிடினும் ஈரக்காற்றும் எறும்பும் தூசியும் அதனை மெல்ல மெல்ல அரித்துக்கொண்டேயிருக்கும்.

தாய்ப்பலகை என்பது யாது? கணினியின் மையச் செயலி, நினைவகம், வன்தட்டு, விசைப்பலகை, திரை ஆகிய யாவற்றையும் ஒன்றோடொன்று இணைத்து வைத்திருக்கும் பெரும்பலகை. பணிசெயல் முறைமை என்று நம் மாணவரின் பாடநூல் கூறுவது, இவ்வுறுப்புகளைக் கொண்டு வேலை வாங்கும் மென்பொருள். விண்டோஸ் அவற்றுள் ஒன்று, லினக்ஸ் மற்றொன்று. இங்கே ஒன்றைக் கருத்திற் கொள்ளவேண்டும். பணிசெயல் முறைமை குடியிருப்பது தாய்ப்பலகையில் அன்று, வன்தட்டில். நாம் எழுதிச் சேமித்தவையும் வன்தட்டிலேயே உள்ளன. ஆகவே பலகை இறந்தமையால் ஏடுகள் இறந்துவிடவில்லை.

அப்படியாயின் பலகையை மாற்றியதும் கணினி ஏன் எழுந்துவருவதில்லை? வயற்செய்கையை அறிந்தவர்க்கு இதனை விளக்குதல் எளிது. குளத்துக்கு அணைக்கட்டு உண்டு, மதகு உண்டு, வாய்க்கால் உண்டு. இன்ன வட்டைக்கு இன்ன நாளில் நீர் விடவேண்டுமென்று அறிந்து பங்கிடுபவர் வட்டவிதானை. ஒருநாள் இரவோடிரவாக அணைக்கட்டை மாற்றியமைத்து, மதகையும் வேறோரிடத்தில் வைத்துவிட்டோமென்று கொள்வோம். விடியற்காலையில் வட்டவிதானை பழகிய வழியே பழைய மதகடிக்குச் செல்கின்றார். அங்கே மதகில்லை. திகைத்து நிற்கின்றார். அதற்காக அவரை வேலையினின்று நீக்கி, அவருடைய ஏடுகளையும் தீயிலிடுவார் உண்டோ? புதிய மதகு இருக்குமிடத்தைக் காட்டினாற் போதாதா? பழைய பலகையின் மதகைத் தேடிச் சென்று, அது இல்லாமையால், தொடக்கச் சாதனத்தை அணுக இயலவில்லை என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் எழுதி நீலத்திரை காட்டி நிற்கின்ற விண்டோஸும் அந்த வட்டவிதானையைப் போன்றதே.

இனிச் செய்யவேண்டியவற்றுக்கு வருவோம். எல்லாவற்றுக்கும் முதலாவது, திருத்துவதற்கு முன்பே வன்தட்டைக் கழற்றி வேறொரு கணினியிற் பூட்டி, வேண்டியவற்றைப் படியெடுத்துவிடுதல். இதற்கான யூ.எஸ்.பி. இணைப்புக் கம்பி கணினிக் கடைகளிற் கிடைக்கும். ஒரு பிற்பகல் செலவாகும், அவ்வளவே. படியெடுத்த பின் எவர் எதனை அழித்தாலும் நமக்கு நட்டம் சிறிது. படியெடாமல் அழிக்கச் சம்மதித்தாலோ, தவணைப் பரீட்சை வினாத்தாள்கள், பதினோராந் தரத்து மாணவரின் கணிப்பீட்டுப் புள்ளிகள், விடுகைப் பத்திர விவரங்கள் யாவும் ஒரு நிமிடத்திற் போய்விடும். விடுகைப் பத்திரம் வேண்டிப் பல ஆண்டுகள் கழித்து வருகின்ற பழைய மாணவனிடம், "மின்னல் அடித்தது, தம்பி" என்று சொல்லி அனுப்ப முடியுமா?

அடுத்தது, கணினி எழும்போது குறித்த விசையை அழுத்தினால் தோன்றும் அமைப்புப் பக்கம். பயோஸ் என்று பொதுவாக வழங்குவது இதுவே. அங்கே இரண்டு இடங்களைப் பார்க்கவேண்டும். ஒன்று, வன்தட்டோடு பேசும் முறை. ஐ.டி.ஈ., ஏ.எச்.சி.ஐ., ரெயிட் என மூன்று பெயர்களுள் ஒன்று அங்கே தெரிவு செய்யப்பட்டிருக்கும். பழைய பலகையில் ஒன்றும் புதிய பலகையில் வேறொன்றும் இருந்தால் நீலத்திரை தோன்றும். ஒவ்வொன்றாக மாற்றித் தொடங்கிப் பார்க்கலாம். மாற்றிப் பார்ப்பதனால் மாத்திரம் ஏடுகளுக்குக் கேடு வாராது. ஆனால் ரெயிட் முறையிலே, தட்டுகளை ஒன்றுசேர்க்கவா, புதிதாய்த் தயார்செய்யவா என்று திரை வினவினால், ஒருபோதும் ஆமென்று விடையளிக்கலாகாது. அந்த ஓர் ஆம் வன்தட்டை வெறுமையாக்கிவிடும்.

எங்கள் பாடசாலை அலுவலகக் கணினியில் நேர்ந்ததும் இதுவே. அதே மாதிரிப் பலகை கிடைக்காமையால், பழைய பொருட்களிலிருந்து எடுத்த வேறொரு மாதிரியைப் பூட்டியிருந்தார்கள். "சேர், அழித்துப்போட்டு புதிதாய்ப் போட்டால் ஒரு மணித்தியாலத்தில் தருவேன்" என்றார் திருத்துநர். அவர்மீது குறை சொல்லமாட்டேன். ஒரு நாளிற் பத்துக் கணினிகளைப் பார்ப்பவர்க்கு அதுவே விரைவான வழி. எங்கள் தகவல் தொழினுட்ப ஆசிரியை மாத்திரம், "இன்றைக்குக் கொண்டுபோவோம், சேர்" என்றார். முதலில் படியெடுத்தார். பின்பு அமைப்புப் பக்கத்தைத் திறந்து, ரெயிட் என்றிருந்ததை ஏ.எச்.சி.ஐ. என்று மாற்றினார். விண்டோஸ் சிறிது நேரம் தயங்கி, புதிய உறுப்புகளைத் தான் அறிந்துகொள்வதாகத் திரையில் எழுதி, எழுந்துவிட்டது. அன்று அலுவலகத்தில் நின்ற உயர்தர வகுப்பு மாணவியர் இருவர், பொதுத் தகவல் தொழினுட்பப் பரீட்சைக்குப் படித்த பாடம் ஒன்று கண்முன்னே நடப்பதைக் கண்டனர்.

முறையை மாற்றியும் எழாவிட்டால், பாதுகாப்பு முறை எனப்படும் குறைந்த வசதியோடு தொடங்கும் வழியில் ஒருமுறை எழுப்பிப் பார்க்கலாம். விண்டோஸ் 10 போன்றவை இரண்டு மூன்று முறை தொடங்கத் தவறினால், திருத்தும் பக்கத்தைத் தாமாகவே காட்டும். அங்கிருந்து அவ்வழிக்குச் செல்லலாம். அவ்வாறு ஒருமுறை எழுந்துவிட்டால், வேண்டிய செலுத்திகளைத் தன் களஞ்சியத்திலிருந்து தானே எடுத்துக்கொள்வது வழக்கம். செலுத்தி என்பது ஓர் உறுப்போடு பேசுதற்கான சிறு மென்பொருள். 2001இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்.பி.யின் காலத்தில் இவ்வளவு இலகு இருக்கவில்லை. அக்காலத்திற் கற்ற அனுபவத்தைக் கொண்டே, அழித்தாலொழிய வழியில்லை என்று சிலர் இன்றும் கூறுகின்றனர் போலும்.

பார்க்கவேண்டிய இரண்டாவது இடம், தொடங்கும் முறை. பழைய பயோஸ் முறை ஒன்று, யூ.ஈ.எஃப்.ஐ. என்னும் புதுமுறை மற்றொன்று. புதுமுறையில், எந்தத் தட்டில் எந்தக் கோப்பிலிருந்து தொடங்கவேண்டுமென்னும் குறிப்பு தாய்ப்பலகையின் சொந்த நினைவிலேயே எழுதப்பட்டிருக்கும். பலகை போனதும் அக்குறிப்பும் போய்விடும். விண்டோஸ் பதியும் பென்டிரைவைச் செருகி, பதிவதற்குரிய பொத்தானை விடுத்து, ஓரத்திலுள்ள திருத்துதல் என்பதைத் தெரிந்து, பி.சி.டி.பூட் என்னும் கட்டளையினால் அதனை மீண்டும் எழுதலாம். பழைய முறையில் வகுக்கப்பட்ட வன்தட்டைப் புதிய பலகையிற் பூட்டும்போது வேறொரு சங்கடம் உண்டு. பழைய முறைக்கு இடமளிப்பதை 2020ஆம் ஆண்டளவில் நிறுத்திவிடுவதாக இன்டெல் நிறுவனம் 2017இல் அறிவித்தது. ஆதலின் புதிய பலகைகள் பல அத்தகைய தட்டிலிருந்து தொடங்கமாட்டா. இதற்கும் அழிப்பு மருந்தன்று. தட்டின் வகுப்பு முறையை ஏடுகளுக்குச் சேதமின்றி மாற்றும் எம்.பி.ஆர்.டூ.ஜி.பி.டி. என்னும் கருவி 2017 முதல் விண்டோஸ் 10உடனேயே வருகின்றது. ஆயினும் முன்னர்ச் சொன்ன படியெடுத்தலைச் செய்யாமல் அதனைத் தொடலாகாது.

இனி நான் கூறப்போவது, இப்பேச்சில் மிகவும் அஞ்சத்தக்க செய்தி. அண்மைக்காலக் கணினிகள் பலவற்றில் வன்தட்டு பூட்டப்பட்டிருக்கும். பிட்லாக்கர் என்பது அப்பூட்டின் பெயர். அதன் திறவுகோலைக் காத்து வைத்திருப்பது டி.பி.எம். எனப்படும் உறுப்பு. அது தாய்ப்பலகையிலோ மையச் செயலியிலோ இருக்கும். பலகை மாறினால், புதிய காவலாளி நம்மை அறியான். 48 இலக்கங்கள் கொண்ட மீட்புத் திறவுகோலைக் கேட்பான். அது கையில் இல்லையேல் வன்தட்டைக் கழற்றி வேறு கணினியிற் பூட்டியும் பயனில்லை. அதனைச் செய்த மைக்ரோசொஃப்ட் நிறுவனத்தாரும் திறந்து தரமாட்டார்கள். பலர், தம் கணினி பூட்டப்பட்டிருப்பதையே அறியாதிருக்கின்றனர். மைக்ரோசொஃப்ட் கணக்கினால் உள்நுழைபவராயின் திறவுகோல் பெரும்பாலும் அக்கணக்கிற் சேமிக்கப்பட்டிருக்கும். கணினி நலமாயிருக்கும் இன்றைக்கே அதனைத் தேடியெடுத்து, தாளில் எழுதி, இரும்புப் பெட்டியில் வையுங்கள். கணினியிலேயே சேமித்து வைப்பது, திறப்பை வீட்டுக்குள் வைத்து வெளியே நின்று கதவைப் பூட்டுவதற்கு ஒப்பாகும்.

உரிமம் பற்றியும் சிறிது சொல்லவேண்டும். வாங்கும்போதே கணினியோடு வந்த விண்டோஸின் உரிமம் தாய்ப்பலகையோடு பிணைக்கப்பட்டிருக்கும். பழுதான பலகைக்கு ஈடாக மாற்றுப் பலகை பூட்டினால் புதிய உரிமம் வேண்டியதில்லை. ஆசைக்காக உயர்ந்த பலகை பூட்டினால் அது புதிய கணினியாகவே கொள்ளப்படும். தனியாகக் கடையில் வாங்கிய உரிமமோ உரியவரைத் தொடர்ந்து வரும். 2016 ஓகஸ்டில் வந்த மேம்படுத்தலின் பின்னர், உரிமத்தை நம் கணக்கோடு இணைத்து வைத்து, பலகை மாறியதும், அண்மையில் வன்பொருளை மாற்றினேன் என்னும் தெரிவைக் கொடுத்து மீட்டுக்கொள்ளலாம். பலகை பழுதாகும் முன்பே இணைத்திருக்கவேண்டும் என்பதே இதிலுள்ள நுட்பம்.

லினக்ஸ் பதிந்த கணினியில் இவ்வுரிமத் தொல்லை இல்லை. 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் பின்லாந்து மாணவர் தொடங்கிய அம்முறைமை, பெரும்பாலான உறுப்புகளுக்குரிய செலுத்திகளைத் தன்னோடேயே சுமந்து திரிவது. வன்தட்டைப் புதிய பலகையிற் பூட்டினால், பலவேளைகளில் ஒன்றுமே நடவாததுபோல் எழுந்துவிடும். வலையமைப்பு அட்டையின் பெயர் மாறியிருக்கலாம். தொடக்கக் குறிப்பை மீண்டும் எழுத நேரலாம். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்கின்ற டி.பி.எம். 2.0 நம் பாடசாலைகளின் பழைய கணினிகள் பலவற்றில் இல்லை. 2022இல் டொலரொன்று ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவரை ஏறிய பின்பு, புதிய கணினி வாங்குதல் பல பாடசாலைகளுக்கு எட்டாக்கனியாயிற்று. ஆகவே பழையதைத் திருத்தி வைத்திருப்போர் லினக்ஸையும் எண்ணிப்பார்த்தல் தகும் என்பது என் அபிப்பிராயம். விண்டோஸையே வைத்திருக்க விரும்புவோர், இயன்றவரை அதே மாதிரிப் பலகையைத் தேடிப் பூட்டுவாராயின், நான் இதுகாறும் சொன்ன தொல்லைகளுட் பாதி எழாது.

அழித்துப் புதிதாய்ப் பதிந்துவிட்டவர்களுக்கும் ஒரு சொல். படியெடுத்து வைத்த வினாத்தாளைத் திறந்ததும், தமிழுக்குப் பதிலாகப் பொருளற்ற ஆங்கில எழுத்துகள் தோன்றினால் கலங்கவேண்டாம். நம் ஆசிரியர்கள் பலர் பாமினி எழுத்துருவிலே தட்டச்சுச் செய்கின்றனர். அது ஆங்கில எழுத்துகளின் இடத்திலே தமிழ் வடிவங்களை வைத்துக் காட்டுவது. புதிதாய்ப் பதிந்த விண்டோஸில் பாமினி இராது. எழுத்துருவை மீண்டும் நிறுவியதும் வினாத்தாள் தமிழாகிவிடும். தமிழுக்கு 1991 முதலே ஒருங்குறியில் இடமுண்டு. இனி எழுதுவனவற்றையாயினும் ஒருங்குறியில் எழுதினால் இத்தொல்லை இராது.

கணினி எழுந்த பின்பும் இணையம் வாராவிட்டால், வலையமைப்புச் செலுத்தி இல்லை என்று கொள்க. அதனை இணையத்திலிருந்து பெற இணையம் வேண்டும்! வேறொரு கணினியிற் பதிவிறக்கிப் பென்டிரைவிற் கொண்டுவரவேண்டும். இணையம் வந்தும் தளங்கள் திறக்க மறுத்தால், கடிகாரத்தைப் பாருங்கள். பழைய பலகையொன்றைப் பூட்டியிருந்தால், அதிலுள்ள நாணயம் போன்ற சிறு பற்றரி ஓய்ந்து, திகதி பல ஆண்டுகள் பின்னே போயிருக்கக்கூடும். திகதி பிழைத்தால் பாதுகாப்பான தளங்கள் திறவா, உரிமமும் உறுதிப்படாது. அந்தப் பற்றரியின் விலை சொற்பமே. ஊர்க் கடைகளில் சி.ஆர். 2032 என்று கேட்டால் தருவார்கள்.