குளியலறையில் எழும் நச்சுக்காற்று



2023 டிசம்பர் 26 நள்ளிரவை நெருங்கும் வேளையில், எண்ணூர்ப் பெரியகுப்பம் மக்கள் மூச்சுத் திணறி விழித்தனர். கப்பலிலிருந்து உரத் தொழிற்சாலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டிருந்தது. கண்ணெரிச்சலோடு, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினர். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர்.

அந்த நச்சுக்காற்று வெளியிலிருந்து வந்தது. இல்லத்தார் தாமே உண்டாக்கிக்கொள்வதும் உண்டு. கழிப்பறையில் ஆசிட் ஊற்றிய பின்பும் கறை போகவில்லையென்று, அதன்மேல் பிளீச்சிங் பவுடரைத் தூவுவோர் பலர். இரண்டும் சேர்ந்தால் குளோரின் எழும். 1915இல் பெல்ஜியப் போர்க்களத்தில் படைவீரர்களை மாய்த்த அதே வாயு. கதவடைத்த சிற்றறையில், ஆஸ்துமா உள்ளவர்க்கு அது பெருங்கேடு. இரண்டில் ஒன்றை மட்டுமே பயன்படுத்துக. நெடி எழுந்தால், தேய்த்து முடித்துவிடலாமென்று நில்லாமல், கதவைத் திறந்துவிட்டு உடனே வெளியேறுக.

நீரை வடிகட்டியே பருகும் இல்லங்களிலும், ஆசிட்டைப் பழைய குளிர்பானப் புட்டியில் ஊற்றிவைக்கும் வழக்கம் இருப்பதுதான் வியப்பு! விளையாடிவிட்டுத் தாகத்தோடு வரும் பிள்ளை முகர்ந்து பார்த்தா குடிக்கும்? அப்படிக் குடித்துவிட்டால் உப்புநீர் புகட்டி வாந்தியெடுக்கச் செய்வது பழைய கைமருந்து. இங்கே அது கூடவே கூடாது. இறங்கும்போது உணவுக்குழலைச் சுட்ட ஆசிட், மேலேறும்போதும் சுடும். மண்ணெண்ணெயாயின் வாந்தியோடு நுரையீரலுக்குள் புகுந்துவிடும். வாயைக் கொப்பளிக்கச் செய்து, 108ஐ அழைத்து, பிள்ளையோடு அந்தப் புட்டியையும் மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.