மதுரை வக்கீல் வைத்தியநாதய்யரும் நம்மவர்களும்

(விஸ்வநத்தத்தில் கூடிய உறவின்முறைக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



மறைந்த பெரியார் ஒருவருடைய வாழ்க்கையை எடுத்துரைக்குமாறு காரியதரிசி அவர்கள் நமக்குக் கட்டளையிட்டார்கள். நம் குலத்துதித்த வள்ளல்களுக்கும் தொழிலதிபர்களுக்கும் குறைவில்லை. அவர்களுள் ஒருவரைப் பற்றியே பேசுவோமென்று பலரும் எதிர்பார்த்திருக்கக்கூடும். நாம் எடுத்துக்கொண்டதோ நம் குலத்தவரல்லாத ஒரு வக்கீலின் சரித்திரம். மதுரை அ. வைத்தியநாதய்யர் என்பது அவர் பெயர். நாடார்களின் சபையில் ஓர் ஐயருக்கு என்ன வேலை என்று யாரேனும் கேட்பீர்களாயின், அது கேட்கத்தக்க கேள்வியே. அதற்கு விடை கூறுவதற்கு முன்னர் நம்முடைய பழைய வழக்கொன்றைச் சற்று விரித்துரைக்க வேண்டியிருக்கிறது. அதனை அறியாதவர்க்கு ஐயருடைய காரியத்தின் அருமை விளங்காது.

1897-ஆம் ஆண்டு மே மாதத்தில் கமுதியிலிருந்த நம்மவர் சிலர் மீனாட்சி சுந்தரேசுவரர் ஆலயத்தினுள் சென்று வழிபட்டனர். அவ்வூரில் வியாபாரத்தால் செல்வம் பெற்றிருந்தவர்கள் அவர்கள். கோயில் காரியங்களுக்குப் பொருளுதவியவர்கள். ஆயினும் வாயிலுக்கு வெளியே நிற்க வேண்டியவர்களாகவே இருந்தார்கள். உள்ளே சென்றதனால் ஆலயம் தீட்டுப்பட்டதென்றும், அதைச் சுத்தி செய்வதற்கு ஆகும் செலவை அவர்கள் கொடுக்க வேண்டுமென்றும், இனி நுழையாதபடி தடையுத்தரவு வேண்டுமென்றும் இராமநாதபுரம் ராஜா பாஸ்கர சேதுபதி அவர்கள் மதுரை சப்-கோர்ட்டில் வியாஜ்ஜியம் தொடுத்தார்கள். 1899 ஜூலையில் தீர்ப்பு நமக்கு எதிராயிற்று. சென்னை ஹைகோர்ட்டுக்குப் போனோம், அங்கும் தோல்வி. கடல் கடந்து லண்டன் பிரிவி கௌன்ஸில் வரை சென்றோம். 1908-இல் அங்கும் தோல்வியே. பதினொரு வருஷம் பணமும் காலமும் செலவழித்து நாம் பெற்றது, மூன்று கோர்ட்டுகளின் ஒரே வாசகம்: தொன்றுதொட்ட வழக்கத்தின்படி உங்களுக்கு உட்செல்லும் உரிமையில்லை என்பது.

இடையில் 1899 ஜூன் 6-ஆம் தேதி சிவகாசியில் நடந்ததை இந்த ஊராருக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. இங்கிருந்து நடந்து போகும் தூரத்தில், நம் முன்னோர் வீடுகள் எரிந்தன, உயிர்கள் மாண்டன. சிவகாசிச் சிவாலயத்தில் உட்செல்லும் உரிமை கேட்டதும் மறுக்கப்பட்டதும் அந்தக் கலகத்துக்கு ஒரு மூலகாரணம். பழைய பகையைக் கிளறுவதற்காக இதை நாம் சொல்லவில்லை. அன்று பகைத்தோரின் பேரர்களும் நம் பேரர்களும் இன்று ஒரே பள்ளியில் வாசிக்கிறார்கள். கோயில் வாயிற்படி என்பது நம்மவர்க்கு எத்தனை விலையுயர்ந்த வஸ்துவாக இருந்தது என்பதைக் காட்டவே சொன்னோம்.

கமுதி வழக்கில் நம் தரப்பு வாதம் எப்படி அமைந்தது என்பதையும் மறைக்கலாகாது. நாங்கள் க்ஷத்திரியர், பாண்டியர் மரபினர், ஆதலால் உள்ளே செல்லும் தகுதியுடையோம் என்றே நம் முன்னோர் வாதித்தனர். மனிதராய்ப் பிறந்த எவரும் ஆண்டவன் சந்நிதிக்குச் செல்லலாம் என்று வாதிக்கவில்லை. அந்தக் காலத்துக் கோர்ட்டில் அப்படி வாதித்தால் எவர் காது கொடுத்திருப்பார் என்பது நியாயமான சமாதானந்தான். எனினும் வாசல் நமக்குத் திறக்க வேண்டும், நமக்குக் கீழென்று எண்ணப்பட்டோர்க்குத் திறப்பதும் திறவாததும் நம் கவலையல்ல என்ற நிலையிலேயே நாம் நின்றோம். இதை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

வைத்தியநாதய்யர் 1890-ஆம் ஆண்டு மே மாதம் 16-ஆம் தேதி தஞ்சை ஜில்லாவைச் சேர்ந்த விஷ்ணம்பேட்டையில் பிறந்தார். தகப்பனார் அருணாசலமய்யர் பள்ளிக்கூட உபாத்தியாயர். மதுரை சேதுபதி பள்ளியிலும், பின் மதுரையிலும் சென்னையிலும் உள்ள கலாசாலைகளிலும் படித்துச் சிறப்பாகத் தேறினார். சிறிது காலம் உபாத்திமைத் தொழில் பார்த்தார். பிறகு சட்டம் பயின்று மதுரையில் வக்கீலாக அமர்ந்தார். தொழில் ஓங்கிற்று. அந்த வாழ்வை அப்படியே நடத்திக்கொண்டு போயிருந்தால் பங்களாவும் பாங்கிக் கணக்குமாகப் பெருஞ்செல்வராய் முடிந்திருப்பார். இன்று நாம் அவரைப் பற்றிப் பேசவும் நேராது.

காந்தியடிகளின் அழைப்பு அவரைத் தெருவுக்குக் கொண்டுவந்தது. 1930-இல் ராஜாஜி வேதாரண்யத்தில் உப்புச் சத்தியாக்கிரகம் நடத்தியபோது ஐயரும் அங்கு சென்றார், போலீஸார் புளியம் விளாரினால் அடித்தார்கள், சிறை புகுந்தார். பின்னரும் சிறைவாசங்கள் உண்டு. அபராதத்துக்காக உடைமைகள் ஏலம் போனதும் உண்டு. கோர்ட்டில் கறுப்பு அங்கி தரித்து நிற்பவர் அடிபட்டுத் தெருவில் கிடப்பதென்றால், அந்தக் காலத்து வக்கீல்களுக்கு அது லேசான சங்கதியல்ல.

குடும்பத் தலைவர் சிறை சென்றால் குடும்பம் என்னாகும் என்று தாய்மார்கள் கேட்பீர்கள். அவருடைய தர்மபத்தினி அகிலாண்டம்மாள் கண்ணீர் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. தாமே அந்நியத் துணி மறியலில் இறங்கிச் சிறை கண்ட உத்தமி அவர். ஆசாரம் மிகுந்த அந்தணர் வீட்டில், அன்று அரிசனர் என்றழைக்கப்பட்ட ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகள் வந்து உண்டு, சொந்தப் பிள்ளைகளைப் போல் வளர்ந்தனர் என்றால், அது வக்கீல் ஐயரின் தீர்மானத்தால் மட்டும் நடக்கக் கூடியதா? வெளியிலே மேடைப் பிரசங்கம் செய்கிறவர்கள் பலர். அந்தப் பிரசங்கத்தைத் தம் சமையற்கட்டு வரைக்கும் கொண்டு செல்லுகிறவர்கள் மிகச் சிலர். உற்றார் உறவினர் விலகி நின்றபோதும் இந்தத் தம்பதி கலங்கவில்லை. புருஷன் கொள்கைக்கு வீட்டிலே விரோதம் கிளம்பிற்றென்றால் அந்தக் கொள்கை ஆறு மாதம் தாங்காது என்பது இங்கு இல்லறம் நடத்தும் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். ஆதலால் ஐயருக்குக் கொடுக்கும் புகழில் சரிபாதியை அந்த அம்மையாருக்கு நாம் பங்கிட்டுத்தான் ஆக வேண்டும்.

அவ்வீட்டின் அன்பில் வளர்ந்தவர்களுள் மேலூரையடுத்த தும்பைப்பட்டியில் பிறந்த கக்கன் அவர்களும் ஒருவர். பிற்காலத்தில் மாநில அமைச்சராயிருந்து, கை சுத்தத்துக்கு உதாரணமாய் இன்றளவும் சொல்லப்படுகிறவர் அவரே. ஐயரைத் தம் தந்தையென்றே அவர் எண்ணியிருந்தார்.

இப்பொழுது நம் விஷயத்துக்கு வருவோம். தமிழ்நாடு அரிசன சேவா சங்கத்தின் பொறுப்பு ஐயரிடம் இருந்தது. 1936 நவம்பரில் திருவாங்கூர் மகாராஜா தம் ராஜ்யத்து ஆலயங்களைச் சகல ஹிந்துக்களுக்கும் திறந்துவிட்டார். மதுரையிலோ திறப்பதற்கு மகாராஜா கிடையாது. கோயில், வழக்கம், வழக்கத்தைக் காப்பாற்றும் கோர்ட்டு, இவைதாம் இருந்தன. இங்கேதான் அவருடைய வக்கீல் மூளையின் கூர்மை தெரிகிறது. கமுதித் தீர்ப்பை மதுரை வக்கீல் ஒருவர் அறியாதிருக்க முடியாது. கோர்ட்டு கேட்பது ஒரே கேள்வி: இதுவரை நடந்துவந்த வழக்கம் என்ன? அந்த வழக்கம் தர்மமா அதர்மமா என்று விசாரிக்க அதற்கு அதிகாரமில்லை. அப்படியானால் பிராது எழுதி என்ன பயன்? வழக்கத்தையே மாற்ற வேண்டும். ஆகவே அவர் கோர்ட்டு வாசலுக்குப் போகாமல், தினந்தோறும் மீனாட்சியைத் தொழுகின்ற ஜனங்களிடம் போனார். மதுரையிலும் சுற்றுப்புற ஊர்களிலும் கூட்டம் கூட்டிப் பேசினார். கோயிலுக்குப் போகிற பக்தர்களே சம்மதித்துவிட்டால் பிறகு வழக்கம் என்று சொல்ல என்ன மிஞ்சும் என்பது அவருடைய எண்ணம் போலும்.

1939-ஆம் வருஷம் ஜூலை 8-ஆம் தேதி காலையில் அவர் மீனாட்சியம்மன் ஆலயத்துள் சென்றார். உடன் சென்றவர்கள் கக்கன், முருகானந்தம், சின்னையா, பூரணலிங்கம், முத்து ஆகிய ஒடுக்கப்பட்ட வகுப்பினர் ஐவர். ஆறாமவர் விருதுநகரைச் சேர்ந்த சண்முக நாடார். (கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்த நம் சிவகாசிச் சண்முக நாடார் வேறு, பெயரொற்றுமையால் சிலர் மயங்குவதுண்டு.) ஆலய நிர்வாக அதிகாரி ஆர். எஸ். நாயுடு அவர்கள் தடை செய்யாமல் வரவேற்றார். அம்மன் சந்நிதியில் நின்று அவர்கள் தொழுதார்கள்.

அந்த அறுவருள் நம்மவர் ஒருவரும் இருந்தார் என்பதை நம் சங்கத்துப் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவர்? கமுதியில் நுழைந்த நம்மவர் பேரில் தீட்டுக் கழிக்கும் செலவுக்கு வியாஜ்ஜியம் வந்ததென்று சொன்னோமல்லவா? அதே வியாஜ்ஜியம் மதுரையில் நுழைந்த இவர்கள் பேரிலும், அனுமதித்த அதிகாரி பேரிலும், முன் நின்று நடத்திய ஐயர் பேரிலும் வரக்கூடியதாகவே இருந்தது. சட்டம் அன்றைக்கு அவர்கள் பக்கம் இல்லை. மூன்று கோர்ட்டுகளின் தீர்ப்பு நமக்கு எதிராக நிற்கும்பொழுதே சண்முக நாடார் அந்த வாயிற்படியைத் தாண்டினார். ஐயரும் சட்டமறியாத ஆவேசத்தால் செய்தவரல்லர். ஆபத்து இன்னதென்று அறிந்தே காலெடுத்து வைத்தவர்.

பயந்தபடியே பட்டர்களில் ஒரு சாரார் தீட்டென்று சொல்லிப் பூஜை செய்ய மறுத்தனர், வைதிகர்கள் கண்டனக் கூட்டங்கள் நடத்தினர், வழக்குகளும் கிளம்பின. ராஜாஜியின் மந்திரிசபை தாமதிக்கவில்லை. அதே ஜூலை மாதத்தில் அவசரச் சட்டம் பிறந்தது; அவ்வாண்டிலேயே அது ஆலயப் பிரவேச அனுமதி மற்றும் நஷ்டவிலக்குச் சட்டமாக நிறைவேறிற்று. ஆலயத்தைத் திறந்தவர்கள் பேரிலும் உட்சென்றவர்கள் பேரிலும் அதற்காக வழக்குத் தொடர இடமில்லை என்பது அச்சட்டத்தின் உட்கருத்து. நாம் பதினொரு வருஷம் போராடியும் பெறாத பாதுகாப்பு, காரியம் நடந்த சில நாட்களில் வந்து சேர்ந்தது. முதலில் காரியம், பின்னால் சட்டம்! ஒரு வக்கீல் இந்த வரிசையை மாற்றி அமைத்ததுதான் விந்தை. ஒடுக்கப்பட்டோர்க்குத் திறவாத கோயிலுள் புகுவதில்லை என்றிருந்த காந்தியடிகள் 1946 பிப்ரவரியில் வந்து மீனாட்சி சந்நிதியில் வணங்கினார்.

இனி நமக்கு முன்னிருக்கும் கேள்வி. க்ஷத்திரியர் என்று உரிமை கோரியபோது நமக்கு அடைத்த கதவு, நம்மினும் தாழ்ந்தவரென்று உலகம் சொன்ன ஐவரோடு சேர்ந்து போனபோது திறந்தது. தனியே கேட்டதைப் பெறவில்லை. கூடச் சென்றபோது பெற்றோம். இதைச் சொல்வதனால் நம் முன்னோரின் தியாகத்தைக் குறைத்துரைப்பதாக யாரும் கருத வேண்டாம். கமுதியில் நுழைந்தவர்கள் வீரர்கள். அவர்கள் தோற்றதனால்தான் பள்ளிக்கூடம், மகமை, சங்கம் என்று நம் ஊக்கமெல்லாம் வேறு வழியில் திரும்பி ஓங்கிற்று. ஆனால் அன்று நம்முடன் வாயிலைத் தாண்டிய அந்த ஐவரின் வகுப்பாருக்கு, அதன் பின்னர் நம் தெருக்களிலும், நம் மகமைக் கிணறுகளிலும், உறவின்முறைக் கோயில்களிலும் நாம் எத்தனை விரைவில் வழிவிட்டோம்? சில ஊர்களில் உடனே விட்டோம். சில ஊர்களில் தாமதித்தோம். ஊர்ப் பெயர்களை இங்கு படிப்பது சபைக்கு மரியாதையாகாது. ஆனால் அந்தந்த ஊர்ப் பெரியவர்களுக்கு அவை தெரியும். ஐயர் தம் சமையற்கட்டில் செய்ததை நாம் நம் கிணற்றங்கரையில் செய்தோமா என்று கேட்க இந்தச் சபைக்கு உரிமையுண்டு. பிறர் இக்கேள்வியைக் கேட்டால் நமக்குக் கோபம் வரும். நாமே கேட்டுக்கொள்வது உசிதம்.

ஐயர் 1955 பிப்ரவரி 23-ஆம் தேதி காலமானார். அவருடைய புதல்வர்களோடு கக்கன் அவர்களும் தலைமுடி களைந்து, பிள்ளை செய்ய வேண்டிய ஈமக்கடனைச் செய்தார் என்பர். உறவினருள் ஆட்சேபித்தவர்கள் இருந்தும் அது நடந்ததாம். 1999-இல் இந்திய சர்க்கார் ஐயர் உருவம் பொறித்த தபால் முத்திரை வெளியிட்டது. மதுரையில் அவரை அறிந்த வீடுகள் இன்னும் உண்டு. நம் பக்கத்திலோ அவர் பெயரை அறியாத பட்டதாரிகள் அநேகர்.

ஆகவே இச்சபையின் முன் ஒரு தீர்மானத்தை வைக்கின்றோம். நம் உறவின்முறை மண்டபத்தில் வள்ளல்களின் படங்கள் வரிசையாகத் தொங்குகின்றன. அவ்வரிசையில் வைத்தியநாதய்யரும் அகிலாண்டம்மாளும் சேர்ந்திருக்கும் படமொன்று இடம்பெற வேண்டும். அதன் கீழே 1939 ஜூலை 8 என்ற தேதியும், உடன் சென்ற அறுவர் பெயரும் எழுதப்பட வேண்டும். சண்முக நாடார் பெயரை முதலில் எழுதாமல், அவர்கள் எல்லாருடைய பெயர்களையும் ஒரே அளவு எழுத்தில், அகராதி வரிசைப்படி எழுதுக. செலவு மகமையிலிருந்து. படத்தைத் திறந்து வைக்க யாரை அழைப்பது என்பதைப் பற்றி மட்டும் நமக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. தும்பைப்பட்டிக்கு ஒரு கடிதம் எழுதிப் பார்க்கலாம்.