காயமில்லாத ஏழு ஆண்டுகள்

(தொழிற்சங்க ஊழியர் கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



எண்ணெய்க் கிணறு தோண்டும் மேடையில் ஷிப்டு 12 மணி நேரம். கனமான இரும்புக் குழாய்கள் தலைக்கு மேலே ஆடிக்கொண்டிருக்கும். குழாயை முடுக்கும் பெரிய இடுக்கியில் விரல் அகப்பட்டால் விரல் போயிற்று.

இந்தக் காயங்களைக் கம்பெனிகள் எப்படி எண்ணுகின்றன? வேலை நாள் இழப்பு ஏற்பட்டதா என்பதே அவர்களுடைய முக்கியமான கணக்கு. கையில் கட்டுப் போட்டவனை மறுநாள் லேசான வேலையில் உட்கார்த்தி வைத்துவிட்டால் நாள் இழப்பு இல்லை; கணக்கு சுத்தம்! இந்த வித்தை நமக்குப் புதிதல்ல. ஆனால் கிணறே வெடிக்கும் அபாயம் இக்கணக்கில் ஏறுவதே இல்லை என்பதைத்தான் நாம் கவனிக்க வேண்டும்.

2010 ஏப்ரல் 20. மெக்ஸிகோ வளைகுடாவில் ‘டீப்வாட்டர் ஹொரைசன்’ மேடை. கிணறு பி.பி. கம்பெனியுடையது, மேடையும் ஆட்களில் பெரும்பாலோரும் டிரான்ஸோஷன் கம்பெனியைச் சேர்ந்தவை, சிமெண்டு போட்டது ஹாலிபர்ட்டன். ஏழு ஆண்டுகளாக நாள் இழப்புக் காயமே இல்லை என்று பாராட்ட அன்று மேலதிகாரிகள் ஹெலிகாப்டரில் வந்திறங்கினார்கள்!

அதே நாளில், கிணற்றின் அடியில் போட்ட சிமெண்டு வாயுவைத் தடுத்து நிற்கிறதா என்று சோதித்தார்கள். பூஜ்யத்தில் நிற்க வேண்டிய அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 1,400 ராத்தல் காட்டிற்று. அதற்கு ஏதோ ஒரு சமாதானம் சொல்லி, சோதனை தேறிவிட்டது என்றார்கள். வேலையோ சுமார் ஆறு வாரம் பின்தங்கியிருந்தது. நாளொன்றுக்குச் செலவு சுமார் 10 லட்சம் டாலர். அவசரம் யாருக்கு என்று நாம் சொல்ல வேண்டியதில்லை.

இரவு பத்து மணிக்குச் சற்று முன்பு வாயு பீறிட்டு மேடை தீப்பற்றியது. 126 பேரில் 11 பேர் மாண்டனர். உடல்கள் கிடைக்கவேயில்லை. தூங்குகிறவர்களைப் பொய் மணி எழுப்பக் கூடாதென்று, அபாய மணி தானாக ஒலிக்காதபடி நிறுத்தி வைத்திருந்தார்கள் என்று அங்கு வேலை செய்த தொழிலாளி ஒருவர் விசாரணையில் சாட்சி சொன்னார்.

2012ல் பி.பி. குற்றத்தை ஒப்புக்கொண்டு 400 கோடி டாலர் கட்டச் சம்மதித்தது. மேற்பார்வையாளர் இருவர் மீதிருந்த மரணக் குற்றச்சாட்டுகள் 2015ல் கைவிடப்பட்டன.

இறந்தவர்களில் 9 பேர் டிரான்ஸோஷன் தொழிலாளிகள். அந்தக் கம்பெனி 2011ல் பங்குதாரர்களுக்கு என்ன அறிவித்தது தெரியுமா? காயக் கணக்குப்படி, பாதுகாப்பில் தன் சரித்திரத்திலேயே மிகச் சிறந்த ஆண்டு 2010 என்று! அதிகாரிகளுக்குப் பாதுகாப்புப் போனஸும் கொடுத்தது. ஊரெங்கும் கண்டனம் எழுந்த பிறகே அவர்கள் அந்தப் பணத்தை இறந்தோர் குடும்ப நிதிக்குக் கொடுத்தார்கள்.