'அழகான' என்ற ஒரு சொல் போதுமா?

(நம் குடியிருப்பின் சமுதாயக் கூடத்தில் நடந்த பெற்றோர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



இரண்டாம் வகுப்பு படிக்கும் என் பேரன், 'என் வீடு' என்ற தலைப்பில் ஐந்து வாக்கியம் எழுதினான். "இது அழகான வீடு. இது அழகான மரம். இது அழகான பூனை." எல்லாமே அழகு! நான் சும்மா இருப்பேனா? 'குறும்புக்காரப் பூனை', 'நிழல் தரும் மரம்' என்று சொல்லிச் சொல்லி எழுத வைத்தேன். மறுநாள் நோட்டை நீட்டி, "பாட்டி, மிஸ் உனக்கு 'மிக நன்று' போட்டிருக்காங்க" என்றான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அது அவன் எழுதியதே இல்லை.

அன்றிலிருந்து சொல்லைக் கொடுப்பதை விட்டுவிட்டுக் கேள்வியைக் கொடுக்கிறேன். பண்புத்தொகை படித்தபோது நிறம், வடிவம், சுவை, அளவு என்று மனப்பாடம் செய்தோமே, அந்த நான்கும்தான் கேள்விகள். தொட்டால் எப்படி இருக்கிறது என்பதை ஐந்தாவதாகச் சேர்த்துக்கொண்டேன்.

இதற்குச் சமையலறையே போதும். காய் நறுக்கும்போது ஒரு பாகற்காயைக் கையில் கொடுங்கள். என்ன நிறம்? தொட்டால் எப்படி? தின்றால் எப்படி? பச்சை, சொரசொரப்பு, கசப்பு என்று பதில் வரும். சொரசொரப்பு, கசப்பு போன்ற சொற்களோடு 'ஆன' சேர்த்தால் பெயரடை தயார்: சொரசொரப்பான பாகற்காய், கசப்பான பாகற்காய். பெரிய, சிறிய, புதிய போன்றவற்றுக்கு அதுவும் வேண்டாம். அப்படியே பெயருக்கு முன்னால் வைக்கலாம்.

ஆனால், 'கசப்பான பாகற்காய்' இன்னும் முழு வாக்கியம் ஆகவில்லை. "அதை யார், என்ன செய்தார்கள்?" என்று கேளுங்கள். "கசப்பான பாகற்காயை அம்மா வறுத்தார்." முடிந்தது!

மொறுமொறுப்பான அப்பளம், கொழகொழப்பான வெண்டைக்காய், பிசுபிசுப்பான வெல்லம் என்று இப்படித் தமிழில் எத்தனையோ சொற்கள். பிள்ளைகள் பேசும்போது இவை தானாக வருகின்றன. எழுதும்போதுதான் காணாமல் போகின்றன.

மூன்று விஷயங்களை மட்டும் கவனியுங்கள். ஒன்று, கேட்டுவிட்டுக் காத்திருங்கள். அந்த மௌனம் பிள்ளையைவிட நமக்குத்தான் கஷ்டம். இரண்டு, 'சாஃப்ட்' என்று சொன்னால் திட்டாதீர்கள். "ஆமாம், மெத்தென்று இருக்கிறது" என்று சொல்லுங்கள். அவர்களே உணர்ந்த ஒன்றுக்குத் தமிழ்ச் சொல் தருவதில் தவறில்லை. மூன்று, ர, ற பிழைகளைப் பிறகு திருத்திக்கொள்ளலாம். முதலில் வாக்கியத்தைப் பாராட்டுங்கள்.

போன வாரம் என் பேரன் தானாக எழுதியது இது: "பாட்டிக்குச் சொரசொரப்பான கை. ஆனால் சூடான கை." அதில் இரண்டு எழுத்துப் பிழைகள் இருந்தன. நான் உடனே திருத்தவில்லை. 'அழகான பாட்டி' என்று எழுதியிருந்தால்கூட இவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டேன்.

இன்று இரவு சமைக்கும்போது உங்கள் பிள்ளையையும் பக்கத்தில் கூப்பிட்டு வைத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் போதும்.