வீட்டில் பொருள், குப்பையில் நஞ்சு



உங்கள் வீட்டு அலமாரியில் பழைய கண்ணாடித் தெர்மாமீட்டர் இருக்கிறதா? உள்ளே வெள்ளிக் கோடு போலத் தெரிவது பாதரசம். ஒரு கிராம்கூடத் தேறாது. கண்ணாடிக்குள் அடைபட்டிருக்கும் வரை அது காய்ச்சல் பார்க்கும் கருவி. உடைத்துக் குப்பையில் போட்டால் ஆபத்தான கழிவு.

"பொருள் ஒன்றுதானே, பெயர் எப்படி மாறுகிறது?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். இரண்டு காரணங்கள் சேர வேண்டும்: ஒன்று, அதை நாம் வேண்டாம் என்று கழிக்கிறோம், மற்றொன்று, அதன் உள்ளே இருப்பது தீப்பிடிக்கும், அரிக்கும், வெடிக்கும் அல்லது உடலில் நஞ்சாகச் சேரும். அளவும் விலையும் கணக்கில் வருவதில்லை.

மலேசியாவில் 1974-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ், 2005-இல் வந்த விதிமுறைகள் 77 வகைக் கழிவுகளைப் பட்டியலிட்டு எண் கொடுத்திருக்கின்றன. பாதரசம் உள்ள கழிவுக்கு எஸ்.டபிள்யூ. 109. காரிலிருந்து கழற்றிய ஈய பேட்டரிக்கு 102. பழைய டிவி, கைப்பேசி ஆகியவற்றின் மின்னணுப் பாகங்களுக்கு 110.

இந்தப் பெயரை மறந்தால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டுக் கொடைக்கானலே சாட்சி. அங்கே இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் தெர்மாமீட்டர் ஆலை இருந்தது. பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி, சாதாரணக் கண்ணாடியைப் போலப் பழைய சாமான் கடைக்குப் போயிருந்தது. 2001-இல் இது வெளிச்சத்துக்கு வந்தது, மக்கள் போராடினார்கள், ஆலை மூடப்பட்டது. 2003-இல் ஏறக்குறைய 290 டன் பாதரசக் கழிவு கப்பலேறி அமெரிக்கா சென்றது.

நம் விதிமுறைகள் முதன்மையாகத் தொழிற்சாலைகளுக்காக எழுதப்பட்டவை. ஜெலுத்தோங்கிலோ ஆயர் ஈத்தாமிலோ உங்கள் சமையலறைக்கு அதிகாரி வந்து எண் ஒட்டப் போவதில்லை. ஆனால் பையை லோரியில் ஏற்றும் தொழிலாளியின் கையில் அது உடையலாம். தீவின் குப்பை பெருநிலத்திலுள்ள பூலாவ் பூரோங்கில் கொட்டப்படுகிறது. அங்கேயும் பாதரசம் பாதரசம்தான்.

வீட்டில் தெர்மாமீட்டர் உடைந்துவிட்டால் பதற வேண்டாம். பேரப்பிள்ளைகளை வெளியே அனுப்புங்கள். விசிறியை நிறுத்தி, சன்னலைத் திறந்து வையுங்கள். கையில் தங்க மோதிரம், வளையல் இருந்தால் கழற்றிவிடுங்கள். பாதரசம் தங்கத்தில் ஒட்டிக்கொள்ளும். துடைப்பமும் வேக்கூம் கிளீனரும் வேண்டாம், அவை துளிகளைச் சிதறடிக்கும். கெட்டியான அட்டையால் உருட்டிச் சேர்த்து, இறுக மூடும் போத்தலில் போடுங்கள். சிங்க்கில் ஊற்றாதீர்கள். விழுங்கினால்தான் ஆபத்து என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் இந்தப் பாதரசத்தின் ஆவியைச் சுவாசிப்பதுதான் மோசம்.

அந்தப் போத்தலையும், எரிந்துபோன டியூப் லைட், தீர்ந்த பேட்டரி ஆகியவற்றையும் சமையல் குப்பையோடு சேர்க்காமல் தனியாக வைத்து, எங்கே ஒப்படைப்பது என்று மாநகர் மன்றத்தையோ சுற்றுச்சூழல் துறையையோ கேளுங்கள். பேட்டரியின் இரு முனைகளிலும் டேப் ஒட்டுவது நல்லது.

மிஞ்சிய மருந்துகளுக்கு வழி இன்னும் எளிது. அரசாங்க மருத்துவமனை, சுகாதார கிளினிக் மருந்தகங்களில் அவற்றைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறார்கள். டாக்டரைப் பார்க்கப் போகும் நாளில், மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரிக்காமல் அப்படியே பையில் எடுத்துச் செல்லுங்கள்.