முகப்பருவுக்கும் மருத்துவம் உண்டு

(காஞ்சிபுரத்தில் கூடிய ஆதரவாளர் கூட்டத்தில், மருத்துவமனையின் தோல் பிரிவு சார்பில் ஆற்றிய உரை)



எங்கள் பிரிவின் கணக்கைப் பார்த்த நண்பர்கள் சிலர் ஒரு கேள்வி கேட்டார்கள். "பிரசவத்துக்கும் காசநோய்க்கும் என்று நாங்கள் கொடுக்கும் காணிக்கையை முகப்பருவுக்கா செலவிடுகிறீர்கள்? அது வயதுக் கோளாறு, தானாகப் போய்விடுமே!" நியாயமான கேள்விதான். இன்று அதற்கே பதில் சொல்ல விரும்புகிறோம்.

முகப்பரு ஒரு நோய். வாலிப வயதில் ஹார்மோன்கள் பெருகும்போது தோலிலுள்ள எண்ணெய்ச் சுரப்பிகள் அதிகமாகச் சுரக்கின்றன. மயிர்க்காலின் வாய் அடைபடுகிறது. உள்ளே கிருமி பெருகி, வீங்கிச் சிவந்து சீழ் வைக்கிறது. அழுக்கினாலோ, இரத்தம் கெட்டதினாலோ வருவதல்ல, தொற்றுவதும் அல்ல. பலருக்குத் தானாகக் குறையும் என்பது உண்மையே. ஆனால் கட்டியாக வருகிறவர்களுக்கு அது குழியும் தழும்புமாக வாழ்நாள் முழுவதும் நின்றுவிடும். அதைவிட ஆழமான தழும்பு மனதில் விழுகிறது. பள்ளிக்குப் போகமாட்டேன் என்கிற பிள்ளையும், பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் அழுகிற மகளும் எங்களுக்குப் புதியவர்கள் அல்ல. எத்தனையோ ஊர் மணப்பெண்களுக்கு முகூர்த்தப் பட்டு நெய்து அனுப்பும் ஊர் இது. அதே தறிவீட்டுப் பெண் தன் முகத்தை முந்தானையால் மறைத்துக்கொண்டு வந்து நிற்கிறாள்.

இதற்குச் சிகிச்சை என்ன? நோயின் அளவைப் பார்த்துத் தீர்மானிக்கிறோம்.

இலேசான பருவுக்குப் பூச்சு மருந்தே போதும். பென்சாயில் பெராக்ஸைடு கிருமியைக் கொல்லும். இரவில் பூசும் அடாபலீன் அல்லது ட்ரெடினாயின் அடைப்பைத் திறக்கும். முதல் சில வாரங்கள் தோல் உலர்ந்து எரியலாம். அதற்குப் பயந்து பலர் நிறுத்திவிடுகிறார்கள். நெசவாளருக்கு இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. பென்சாயில் பெராக்ஸைடு பட்டால் துணியின் சாயம் வெளுத்துவிடும். ஆகவே பூசிய கையை நன்றாகக் கழுவாமல் பாவையோ சேலையையோ தொடக்கூடாது என்று சொல்லியே கொடுக்கிறோம்.

நடுத்தர நோய்க்கு இவற்றுடன் டாக்ஸிசைக்ளின் மாத்திரை சேர்க்கிறோம். பொதுவாக மூன்று மாதத்துக்கு மேல் நீட்டுவதில்லை. ஆன்டிபயாட்டிக்கைத் தனியாகக் கொடுத்தால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும் என்பதால் பூச்சு மருந்தும் கூடவே வேண்டும். கர்ப்பிணிகளுக்கு இந்த மாத்திரை கூடாது. மாதவிலக்கு ஒழுங்கற்றுப் போய், முகத்தில் முடியும் வளர்கிற பெண்களுக்குச் சினைப்பையில் கோளாறு உண்டா என்று பார்த்து அதற்கேற்ற மருந்து தருகிறோம்.

கட்டியும் தழும்புமான கடும் நோய்க்கு ஐசோட்ரெடினாயின் மாத்திரை உண்டு. 1982-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இம்மருந்து கடும் முகப்பருவின் சிகிச்சையையே மாற்றிவிட்டது. ஆனால் கர்ப்பத்திலுள்ள சிசுவுக்குக் கொடிய ஊனத்தை உண்டாக்கக்கூடியது. மருந்து உண்ணும் காலத்திலும், நிறுத்திய பின் ஒரு மாதமும் கர்ப்பம் தரிக்கக்கூடாது. இரத்தத்தில் கொழுப்பையும், ஈரலின் நிலையையும் சோதிக்க வேண்டும். திருமணம் நிச்சயமான பெண்ணுக்கு இதைக் கொடுக்குமுன் அவளிடமும் தாயிடமும் உட்கார்ந்து பேசாமல் சீட்டு எழுதுவதில்லை.

இவை எதுவும் ஒரு வாரத்தில் பலன் தராது. எட்டு முதல் பன்னிரண்டு வாரம் பொறுக்க வேண்டும். ஒரு சேலையைத் தறியிலிருந்து அறுக்க எத்தனை நாள் உழைக்க வேண்டும் என்று அறிந்த மக்களுக்கு இதைப் புரியவைப்பது கடினமல்ல. கடினம் வேறிடத்தில் இருக்கிறது. தறி ஒரு நாள் நின்றால் அன்றைய கூலி போயிற்று. ஆகவே மருத்துவரிடம் வராமல், தெருமுனை மருந்துக்கடையில் ஒரு களிம்பு வாங்கிப் பூசுகிறார்கள். அந்தக் களிம்பில் பெரும்பாலும் ஸ்டீராய்டு இருக்கும்.

அதுதான் எங்கள் உண்மையான கவலை. ஸ்டீராய்டு பூசினால் சில நாளில் சிவப்பு அடங்கும். முகம் வெளுத்ததுபோல் தோன்றும். வீட்டார் மகிழ்ந்து இன்னொரு டியூப் வாங்குவார்கள். மாதங்கள் செல்ல, தோல் மெலிந்து இரத்தக் குழாய்கள் தெரியும், முடி வளரும், பரு முன்னிலும் அதிகமாகும். நிறுத்தினாலோ முகம் எரிந்து சிவக்கும், அதனால் மறுபடியும் பூசுவார்கள். இந்தியாவின் 12 மருத்துவ மையங்களில் முகத்தோல் நோயுள்ள 2926 பேரைப் பரிசோதித்த ஆய்வு ஒன்று 2011-ல் வெளியானது. அவர்களில் 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு பூசி வந்தவர்கள். பாதிக்கு மேற்பட்டோர் மருத்துவர் அல்லாதவர் சொல்லைக் கேட்டுப் பூசியவர்கள். 433 பேருக்குமே கெடுதல் நேர்ந்திருந்தது. அவற்றில் முதலிடம் எதற்குத் தெரியுமா? பருவுக்கே! 2018-ல் மத்திய அரசு இத்தகைய களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தது. சட்டம் வந்தது நல்லதே. ஆனாலும் பக்கத்து வீட்டு டியூப் இன்னமும் கைமாறிக்கொண்டுதான் இருக்கிறது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறோம். முகப்பருவுக்கான சாதாரண மருந்துகளின் விலை பெரிதல்ல. உங்கள் காணிக்கை மருந்தைவிட அதிகமாக வாங்கித் தருவது நேரத்தையே. மூன்று மாதம் இடைவிடாமல் வந்துபோக ஒரு ஏழைக் குடும்பத்துக்குத் தேவையான பஸ் கட்டணம், தறி ஓய்ந்த பின் வருகிறவர்களுக்காக மாலையிலும் திறந்திருக்கும் சீட்டு எழுதும் இடம், பயந்த பெண்ணோடு அரை மணி நேரம் உட்கார்ந்து பேசும் ஒரு செவிலியர்: இவை இல்லாவிட்டால் சரியான மருந்து இருந்தும் அவர்கள் தவறான களிம்புக்கே போவார்கள்.

பணமின்றியும் நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. உங்கள் வீட்டுப் பிள்ளை முகத்தில் என்ன பூசுகிறது என்று கேளுங்கள். டியூபின் மேல் பீட்டாமெத்தசோன், குளோபெடசால், மொமெட்டசோன் என்ற பெயர் இருந்தால் அது ஸ்டீராய்டு. பல நாள் பூசியிருந்தால் திட்டாமல், டியூபையும் கையில் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் அழைத்து வாருங்கள். பருவைக் கிள்ளாமல், முரட்டுத்தனமாகத் தேய்க்காமல், மென்மையான சோப்பால் நாளைக்கு இரண்டு முறை மட்டும் கழுவச் சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, "உன் முகம் ஏன் இப்படி ஆயிற்று?" என்று நாலு பேர் நடுவில் கேளாதிருங்கள்.